குப்புறக் கிடந்த சோழிகள்

"எல்லாரும் சிரிக்கும்படி என்னை ஏன் கேட்டீங்க, அம்மா?"

இதைக் கேட்க சடையன் ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்தான். அதற்கு மேல் முடியவில்லை.

குன்றம்மை சோழிகளைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் கணக்குத்தானே கேட்டேன், அண்ணே."

அவள் அவனைவிட இளையவள். மலைமடத்துக்குக் குரு அவள்தான். சடையனோ தாடி நரைத்து, பெண்டாட்டியைப் பறிகொடுத்து, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மலையேறி வந்தவன். மற்ற சீடர்களை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். இவனை மட்டும் அண்ணே என்பாள். மரியாதைதான். அந்த மரியாதையிலும் ஏதோ குத்தல் இருக்கிறது என்று சடையனுக்குத் தோன்றும். அவன் சுபாவம் அப்படி.

நடந்தது இதுதான்.

அந்த மலையில் ஏடு கிடையாது, எழுத்தாணி கிடையாது. எண்ணிக்கை எல்லாம் சோழியில்தான். சோழிகளை வரிசையாக வைப்பார்கள். வலது கோடியில் இருப்பதற்கு மதிப்பு ஒன்று. அதற்கு இடப்பக்கம் இருப்பதற்கு இரண்டு. அடுத்ததற்கு நான்கு. அதற்கும் அடுத்ததற்கு எட்டு. இப்படி இடப்பக்கம் போகப் போக இரட்டித்துக்கொண்டே போகும்.

வாய் மேலே பார்த்துக் கிடக்கும் சோழியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குப்புறக் கிடப்பதைக் கூட்டாமல் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு பெரிய எண்ணையும் இதில் சொல்லிவிடலாம்.

காலையில் வெட்டுப் பாடம் நடக்கும். ஒரு வரிசையை நடுவில் விரலால் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனி எண்ணாகச் சொல்ல வேண்டும். எட்டு என்றால் ஒரு சோழி திறந்து, மூன்று குப்புற; நடுவில் வெட்டினால் முன் துண்டு இரண்டு, பின் துண்டில் எல்லாமே குப்புற, அது வெறுமை. எட்டிலிருந்து தொடங்கினால் இப்படிப் போகும்.

எட்டு: இரண்டும் வெறுமையும்.

ஒன்பது: இரண்டும் ஒன்றும்.

பத்து: இரண்டும் இரண்டும்.

பதினொன்று: இரண்டும் மூன்றும்.

பன்னிரண்டு: மூன்றும் வெறுமையும்.

சடையனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நடு ராத்திரியில் தட்டி எழுப்பினாலும் சொல்வான். சின்னப் பயல்கள் விரல் மடக்கி யோசிக்கும்போது இவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முந்தின நாள் குன்றம்மை பாடத்தைத் திருப்பிப் போட்டாள்.

"ஒன்பதை வெட்டுங்க, அண்ணே."

"இரண்டு. ஒன்று."

"சரி. இப்ப அந்த ரெண்டையும் ஒட்டுங்க."

சடையன் இரண்டுக்கு உரிய சோழிகளை வைத்தான். ஒன்று வாய் திறந்து, அடுத்தது குப்புற. அதன் பக்கத்தில் ஒன்றுக்கு உரியதை வைத்தான். வாய் திறந்த ஒரே சோழி. ஆக மூன்று சோழி. கூட்டிப் பார்த்தான்.

"ஐந்து" என்றான்.

 சீடர்களில் ஒருவனான நஞ்சன் வாயைத் திறந்தான்.

"ஒன்பதை வெட்டி ஐந்தை ஒட்டிட்டாரு பெரியவரு. மீதி நாலு எங்கடா போச்சு? தாடிக்குள்ள தேடுங்கப்பா."

மடமே சிரித்தது.

யார் யார் சிரித்தார்கள், யார் யார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள் என்று சடையனுக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் சிரித்தவன் நஞ்சன். அதைச் சடையன் மனசில் தனியாக முடிந்து வைத்துக்கொண்டான்.

இப்போது குருவின் எதிரே நின்று கேட்டான்.

"முழு வரிசையில அந்த ஒன்றுக்கு முன்னாடி ஒரு சோழி குப்புறக் கிடந்தது. அதை நான் வைக்கலை. அதுதானே தப்பு?"

"அதுதான்."

"குப்புறக் கிடக்கிறது ஊமைன்னு சொன்னது நீங்கதானே?"

"ஊமைன்னு நான் சொல்லலையே. கூட்டாதீங்கன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

குன்றம்மை ஒரு சோழியை எடுத்துத் தரையில் குப்புற வைத்தாள்.

"இதுக்கு வாய் எங்கே இருக்கு?"

"தெரியலை."

"தெரியலை" என்று அவளும் சொன்னாள். மறுபடி துலக்க ஆரம்பித்தாள்.

அது ஒரு பதிலா? சடையன் முகம் சுருங்கிப்போய்த் திரும்பினான். திரும்பிய இடத்தில் குகைக்காவலன் நின்றிருந்தான். ஓடி வந்தவனுக்கு மூச்சு இரைத்தது.

"அம்மா, குதிரைக்காரங்க ஆத்தங்கரைக்கு வந்துட்டாங்க."

குன்றம்மை கையிலிருந்த சாம்பலை உதறினாள்.

குதிரைக்காரர்கள் கிழக்கேயிருந்து ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். திடமான ஆட்களைச் சுமை தூக்கக் கட்டி இழுத்துப் போவார்கள். மற்றவர்களை இழுத்துப் போவதில்லை. குதிரைக்காரர்கள் போன ஊரில் அப்புறம் நாய்கூடக் குரைக்காது. பள்ளத்தாக்கு ஜனங்கள் பயந்து மலைக்கு ஓடிவந்து ஆற்றுக்கு மேலே இருந்த குகையில் ஒளிந்திருந்தார்கள். அவர்களை ஆற்று வழியாகக் கீழே கடத்த வேண்டும். அதற்குப் பரிசல்காரர்கள் வர வேண்டும். ஆற்றில் வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு தடவைதான் வர முடியும். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள்.

"எத்தனை பேருன்னு அவங்களுக்குச் சொல்லியாகணும்" என்றாள் குன்றம்மை.

காவலன் அவள் காதில் எண்ணிக்கையைச் சொன்னான். பிறகு சடையனைப் பார்த்தான்.

"பெரியவரே, உங்க மக மாதியும் வந்து சேந்துட்டா. கடைசியா வந்த குடும்பம் அவங்கதான்."

 குகையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். சண்டை வரக்கூடாது என்று வைத்த முறை. முதலில் வந்த குடும்பம் முதல் பரிசலில் ஏறும். கடைசியாக வந்தது கடைசியில் ஏறும். இடம் இல்லையென்றால் நின்றுவிடும்.

குன்றம்மை சோழிகளை இரட்டை நூலில் கோத்தாள். இரட்டை நூலில் கோத்தால் சோழி புரளாது, திறந்தது திறந்தபடியும் குப்புற இருப்பது குப்புறவும் நிற்கும். கோத்து முடித்ததும் சரத்தை இரண்டாக அறுத்தாள். முதல் துண்டு நஞ்சனுக்கு. இரண்டாம் துண்டு சடையனுக்கு. ஆளுக்கு ஒரு வழி. ஒருவன் பிடிபட்டாலும் பாதிச் சரத்தை வைத்துக் குகையில் எத்தனை பேர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. வெட்டுப் பாடம் இதற்காகத்தான்.

நஞ்சன் தன் துண்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"எனக்கு எப்பவும் வால் துண்டுதானா?" என்றான் சடையன்.

குன்றம்மை அவன் வலது கையை வாங்கினாள். உள்ளங்கையில் சரத்தைக் குறுக்காக வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மடக்கிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். வலித்தது. விடவில்லை. இன்னும் அழுத்தினாள்.

"இப்படியே கொண்டு போங்க. கையைப் பிரிச்சுப் பார்க்காதீங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"போயிட்டு வாங்க, அண்ணே."

*

சடையன் காட்டுப் பாதையில் இறங்கினான்.

ஒரு குருவிச் சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை. தன் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது. நின்றான். சத்தமும் நின்றது. நடந்தான். யாரோ கூடவே நடப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து திரும்பாமலேயே நடந்தான்.

கை தானாகவே இறுகியது. சோழிகள் கையில் அழுந்தின. அழுந்த அழுந்த இன்னும் இறுக்கினான். அதை விட்டால் கீழே விழுந்துவிடுவோம் என்பது மாதிரி.

மாதியின் முகம் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. சின்ன வயதில் கிணற்றடியில் தொலைந்துபோய்க் கிடைத்தபோது அவள் வைத்திருந்த முகம்.

காட்டோடை ஆற்றில் கலக்கும் இடத்தில் மரப்பாலம். அதைத் தாண்டினால்தான் பரிசல்துறை.

பாறை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தான். பாலத்தின் அந்த முனையில் இரண்டு குதிரைகள் கட்டியிருந்தன. இரண்டு வீரர்கள். பக்கத்தில் ஒரு புளியமரம்.

புளியமரத்தில் ஓர் ஆள் தொங்கினான்.

முந்தின தடவை செய்தி கொண்டுபோன பூசன். திரும்பி வரவில்லை என்று மடத்தில் பேசிக்கொண்டார்கள். அவன் கழுத்தில் கயிற்றுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ மினுங்கியது. அவன் கொண்டுபோன சோழிச் சரம். அதையே மாலையாகப் போட்டுவிட்டிருந்தார்கள்.

சடையன் பாறையோடு பாறையாகக் குந்தினான். 

சரம் கையில் இருந்தால் மரத்தில்தான் இடம். சரம் இல்லாமல் போனால்?

சரம் எதற்கு? எண்தானே வேண்டும். எண்ணைத் தலையில் கொண்டுபோனால் எவன் தேடிக் கண்டுபிடிப்பான்?

குரு பிரிக்கக் கூடாது என்று சொன்ன கையைப் பிரித்தான். ஒரு கண்ணைப் பாலத்தின் மேல் வைத்துக்கொண்டு மறு கண்ணால் பார்த்தான். இத்தனை காலப் பழக்கம். கண் நேராக வாய் திறந்த சோழிக்குத்தான் போயிற்று. கடைக்கோடியில் ஒன்றே ஒன்று.

ஒன்று.

மற்றதெல்லாம் குப்புறக் கிடந்தன. வால் துண்டு. அதிலும் வெறும் ஊமைகள். எனக்குத் தருவது எல்லாம் இப்படித்தான் என்று அந்தப் பயத்திலும் அவனுக்கு மனசு கசந்தது.

சரத்தை ஓடையில் போட்டான். தண்ணீர் அதைச் சத்தம் இல்லாமல் வாங்கிக்கொண்டது.

ஒன்று, ஒன்று, ஒன்று என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பாலத்தில் நடந்தான்.

"எங்கடா போற, சாமியாரே?"

"துறைக்குங்க. மீன் வாங்க."

"சாமியார் மீன் தின்பானா?"

"எனக்கில்லைங்க. மடத்துப் பூனைக்கு."

இரண்டாமவன் சிரித்தான். முதலாமவன் சிரிக்கவில்லை. சடையனின் தோள்மூட்டையைக் கொட்டினான். இடுப்புத் துணியை உருவினான். தாடிக்குள் விரலை விட்டுத் துழாவினான். நஞ்சன் சொன்னது சடையனுக்கு நினைவு வந்தது. அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை.

"கையைத் திற."

சடையன் திறந்தான். அவன் தன் கையைப் பார்க்கவில்லை. பூசனின் பாதங்கள் அவன் தலைக்கு நேரே தொங்கின. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, ரத்தம்? முள்ளுச்செடியைப் பிடிச்சு இறங்கினியா?"

"ஆமாங்க."

எதைக் கேட்டிருந்தாலும் ஆமாங்க என்றுதான் சொல்லியிருப்பான்.

"போ."

போனான். கை மறுபடி மூடிக்கொண்டது. திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

*

பரிசல்துறையில் நஞ்சன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். துறைத்தலைவர் மாதப்பர் அவன் கொண்டுவந்த துண்டைப் பாறையில் விரித்து வைத்திருந்தார். ஒரு சோழி வாய் திறந்து, அடுத்தது குப்புற.

"வாய்யா பெரியவரே. உன் துண்டைப் போடு. பொழுது போகுது."

"துண்டு இல்லை. ஓடையில போட்டுட்டேன்."

மாதப்பர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"பாலத்துல சோதனை போட்டாங்க. வெச்சிருந்தா என்னையும் தூக்கியிருப்பாங்க. எண் தலையில இருக்கு. ஒன்று."

"நல்லவேளை. புத்தியோட பண்ணியிருக்கே" என்றார் மாதப்பர். மடியிலிருந்து ஒரு சோழியை எடுத்து வாய் மேலே பார்க்க வரிசையின் ஓரத்தில் வைத்தார்.

மூன்று சோழி. கூட்டினார்.

"அஞ்சு."

சடையனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் மடத்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது. நஞ்சனைத் திரும்பிப் பார்த்தான்.

நஞ்சன் சிரிக்கவில்லை.

"அஞ்சு பேருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் மாதப்பர். "ஒரு பரிசல் போதுமே. அஞ்சு பேர் ஏறலாம். டேய், ஒண்ணை மட்டும் தூக்குங்கடா."

"இருங்க" என்றான் சடையன்.

"என்ன?"

"என் சம்பந்தி வீட்டாளுங்களே அஞ்சு பேருக்கு மேல. அவங்களுக்கு முன்னாடி எத்தனையோ குடும்பம்."

"அப்ப உன் கணக்கு தப்பா?"

சடையன் பாறையில் கிடந்த வரிசையையே பார்த்தான்.

நஞ்சன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, அந்த ஒன்றுக்கு முன்னாடி ஏதாவது குப்புறக் கிடந்ததா?"

அவன் இதுவரை சடையனை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. அதுதான் சடையனை இன்னும் பயமுறுத்தியது.

"கிடந்தது."

"எத்தனை?"

"பார்க்கலை."

"பார்க்காம எப்படி?"

"குப்புறக் கிடக்கிறதை யார்ரா எண்ணுவாங்க?"

 மாதப்பர் மடியிலிருந்து இன்னொரு சோழியை எடுத்தார். நஞ்சன் துண்டுக்கும் அந்த ஒன்றுக்கும் நடுவில் குப்புறப் போட்டார்.

"ஒண்ணு கிடந்திருந்தா ஒன்பது பேர். ரெண்டு பரிசல்."

இன்னொன்றைக் குப்புறப் போட்டார்.

"ரெண்டு கிடந்திருந்தா பதினேழு பேர். நாலு பரிசல்."

இன்னொன்று.

"மூணுன்னா முப்பத்துமூணு. ஏழு பரிசல்."

இன்னொன்று.

"நாலுன்னா அறுபத்தஞ்சு. பதிமூணு பரிசல். எங்கிட்ட இருக்கிறதே ஒன்பது. கீழ்த்துறைக்கு ஆள் விட்டு வாங்கணும்."

சடையன் அந்த வரிசையைப் பார்த்தான். ஒன்றுக்கும் உதவாத ஊமைகள். ஒவ்வொன்றாக நடுவில் வந்து கவிழ்ந்து படுக்கும்போதும் குகைக்குள் ஜனங்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அந்தக் கூட்டத்தின் வால் நுனியில் மாதி நின்றாள். ஒவ்வொரு சோழிக்கும் அவள் இன்னும் தள்ளித் தள்ளிப் போனாள்.

"எல்லாப் பரிசலையும் கொண்டு போனா என்ன?" என்று நஞ்சன் கேட்டான்.

"போகலாம். ஆள் ஏறாத பரிசல் இந்த வெள்ளத்துல நிக்காது, அடிச்சிட்டுப் போயிரும். ஆள் ஏறினதை அந்தக் கரை நிழல்ல ஒதுக்கிட்டுப் போயிரலாம். பாலத்துப் பக்கம் வெறும் பரிசல் ஒண்ணு மிதந்து வந்தா குதிரைக்காரன் என்ன நினைப்பான்? மீதியெல்லாம் எங்கேன்னு தேட மாட்டானா?" மாதப்பர் எச்சிலைத் துப்பினார். "கூடினாலும் சாவு, குறைஞ்சாலும் சாவு. சரியாச் சொல்லுய்யா. பரிசலைத் தலைச்சுமையா நஞ்சன் வந்த காட்டு வழியில தூக்கிட்டுக் குகைக்கு ஏறணும். இப்பக் கிளம்பினாத்தான் உண்டு."

பரிசல்காரர்கள் சுற்றி நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் சடையன் மேல்.

அவன் கண்ணை மூடினான். பாறை மறைவைத் திரும்ப நினைத்துப் பார்த்தான். கடைக்கோடியில் வாய் திறந்த சோழி. அது பளிச்சென்று தெரிந்தது. அதற்கு முன்னால்? வெள்ளையாக ஏதோ. இரண்டா? மூன்றா? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பூசனின் பாதங்கள்தான் தெரிந்தன.

"ரெண்டு..." என்றான். "இல்லை. நாலா..."

"என்னய்யா, ஏலமா விடறே?" என்றார் மாதப்பர்.

மாதப்பரின் மனைவிக்கு அவன் நிலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உப்பும் மிளகாயும் கரைத்த கூழை ஒரு கலயத்தில் கொண்டுவந்தாள்.

"முதல்ல ஒரு வாய் குடிங்க சாமி. முகம் வெளுத்துக் கிடக்கு."

சடையன் இடது கையால் வாங்கப் போனான். பரிசல்காரர்கள் பார்ப்பதால் வலது கையை நீட்டினான். விரல் பிரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தான். கை நடுங்கியதில் கூழ் தளும்பி உள்ளங்கையில் கொட்டியது.

எரிந்தது.

தேள் கொட்டியது போல எரிந்தது. கலயத்தை விட்டுவிட்டான். கையை உதறினான். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன?" என்றான் நஞ்சன்.

சடையன் கையை நீட்டினான்.

உள்ளங்கையில் பல் பட்ட தடங்கள். சின்னச் சின்னப் பற்கள், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நடுவில் ஒரு கீறல். சோழியின் வாய். ரத்தம் காய்ந்து கறுத்துப்போய், அச்சுக் குத்தினது போலத் தெளிவாக இருந்தது.

மாதப்பர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். மடியிலிருந்து ஒரு சோழியை எடுத்துக் குப்புறப் பிடித்து முதல் தடத்தில் வைத்தார். பல்லோடு பல் பொருந்தி உட்கார்ந்தது.

சடையன் முனகினான்.

"பொறுத்துக்கோ."

இரண்டாவது சோழி. பொருந்தியது.

மூன்றாவது. பொருந்தியது.

நான்காவதை வைக்கப் போனார். அந்த இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது. வெறும் மழுங்கிய பள்ளம். சோழியின் முதுகு பட்ட இடம்.

"இங்கே கடிக்கலையே" என்றார்.

சடையன் ஆள்காட்டி விரலை மெதுவாக அந்தப் பள்ளத்தின் மேல் மடக்கிப் பார்த்தான். விரலின் உட்புறத்தில் ஒரு கடி இருந்தது. அந்த ஒரு சோழிதான் மேலே பார்த்து வாயைத் திறந்திருந்தது. அதன் கடி விரலில். மற்றதெல்லாம் அவன் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்திருக்கின்றன, வழி முழுக்க.

இதுக்கு வாய் எங்கே இருக்கு?

சடையன் இடது கையால் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

மாதப்பர் பாறையில் இருந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு ஊமையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நஞ்சன் துண்டுக்கும் அந்த ஒன்றுக்கும் நடுவில் மூன்று மிஞ்சின.

"ஏழு" என்று கத்தினார். "ஏழைத் தூக்குங்கடா. நடங்க."

*

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். பாலத்துக்கு வெகு கீழே, நாணல் மண்டிய வளைவில் சடையனும் நஞ்சனும் காத்திருந்தார்கள். பாலத்துப் பக்கம் குதிரை ஒன்று கனைத்தது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

முதல் பரிசல் சுழன்றுகொண்டே வந்தது. ஐந்து பேர்.

இரண்டாவது. ஐந்து.

நஞ்சன் வாய்க்குள் எண்ணினான். சடையன் எண்ணவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் அவள் இல்லை. ஐந்தாவதில் ஒரு கிழவனும் நான்கு பிள்ளைகளும். ஆறாவதில் மாதியின் மாமனார் வீட்டாட்கள். அவள் இல்லை.

"அவ எங்கே?" என்று கேட்டான். யாரும் பேசவில்லை. ஆற்றின் மேல் பேசக் கூடாது என்று சொல்லி ஏற்றியிருந்தார்கள்.

ஆறு வெறிச்சோடிக் கிடந்தது. நுரைதான் வந்தது. ஒரு மரக்கிளை வந்தது. சடையன் வலது கையை மூடி நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

வளைவில் கறுப்பாக ஒன்று திரும்பியது.

ஏழாவது பரிசலில் மூன்றே பேர் இருந்தார்கள். அவள் புருஷன், அவன் தம்பி, மாதி. அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

கரையில் இறங்கியதும் அவள் அப்பன் பக்கத்தில் வந்து நின்றாள்.  அழவில்லை. அவன் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் பிசுபிசுத்தது. பிரித்துப் பார்த்தாள்.

"கையில என்னப்பா?"

"ஒண்ணுமில்..."

சடையன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் விரலுக்குக் கீழே அந்த மூன்று ஊமைகளின் வாயும் பதிந்திருந்தது.